மூக்கைப் பிடித்துப் பாடிய பாட்டு

கண்ணாடிக்காரர் நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா?"

எதிரே உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கின்மேல் கனத்த சோதனை பிரேம் இருக்கும். இவர் மரப்பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து அதில் செருகுவார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார். முதலில் எல்லாரும் வீறாப்பாகத்தான் பதில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் போனால் குரல் இறங்கிவிடும். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்பார்கள். இன்னும் கொஞ்சம் போனால் சுவரில் உள்ள எழுத்துகளை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்த்து, இவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று யூகித்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கட்டம் வந்ததும் பிரேமைக் கழற்றிவிட்டு, "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அடுத்தவர் குழப்பத்தைக் கண்டுபிடிப்பதில் ஆள் அவ்வளவு கெட்டிக்காரர். தனக்கென்று ஒரு குழப்பம் வந்தபோதுதான் திருதிருவென்று விழித்தார்.

இளவட்டமாக இருந்தபோது அவருக்குப் பாட்டுதான் உயிர். பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. சாயங்காலம் ஹோட்டல்களில் பாடும் ஒரு குழுவில் கோரஸ். முன்னால் வந்து தனியாகப் பாடும் ஆசை கழுத்து வரைக்கும் இருந்தது. கூப்பிடத்தான் ஆளில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு பாட்டு எங்கே திரும்பினாலும் கேட்டுக்கொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன், உன் வீட்டுப் படியேறத்தான் தைரியம் இல்லை என்று ஒருவன் புலம்புகிற பாட்டு. அசல் கேசட்டு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் முகம் தெரியாத பையன்களைப் பிடித்து, அதே பாட்டை அதே மாதிரி பாடவைத்து, மலிவான கேசட்டாக விற்கும் கம்பெனிகள் சில இருந்தன. அப்படி ஒரு கம்பெனிக்காரர், குழுவிலிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் நம் கண்ணாடிக்காரர். இன்னொருவர் அவருடைய சிநேகிதன், ஒல்லி. காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு, அதனால் அந்தப் பெயர்.

இதில் ஒரு கூத்து உண்டு. அசல் பாட்டைப் பாடிய பாடகருக்குப் பதிவு நடந்த அன்று கடுமையான சளி. பாட்டு முழுக்க மூக்கடைப்பு. ஜனங்களோ, மனிதர் அழுதுகொண்டே பாடுகிறார் என்று நினைத்து உருகிவிட்டார்கள். கம்பெனிக்காரர் விவரமானவர். "சளி இல்லாம பாடினா ஒருத்தனும் வாங்க மாட்டான். மூக்கைப் புடிச்சிக்கிட்டுப் பாடுங்கடா" என்றார். இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக மைக் முன்னால் நின்று, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, உள்ளம் உருகப் பாடினார்கள். எது நன்றாக இருக்கிறதோ அதைப் போடுகிறேன் என்றார் கம்பெனிக்காரர். கேசட்டு வெளியே வந்தது. அட்டையில் அசல் பாடகரின் முகத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒரு படம். பாடியவர் பெயர் எங்கேயும் இல்லை.

ஆனால் கம்பெனிக்காரர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "உன்னோடதைத்தான் போட்டிருக்கேன். அவன்கிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்" என்று சொல்லியிருந்தார். இவரும் சொல்லவில்லை.

ஒல்லியிடம் சொல்லவில்லையே தவிர, ஒரு கேசட்டுக் கடையில் வேலை பார்த்த பெண்ணிடம் சொன்னார். அந்தக் கேசட்டு எங்கே எல்லாம் ஒலிக்கிறது என்று பார்க்கக் கடை கடையாக அலைந்தபோது கண்ணில் பட்டவள் அவள். "இது நான் பாடினது" என்றார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா, எங்க பாடுங்க பாப்போம்." இவர் கடை நடுவில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரி பாடினார். அவள் சிரித்த சிரிப்பில் அலமாரியில் அடுக்கியிருந்த கேசட்டுகள் சரிந்தன என்று பிற்பாடு அவர் சொல்லுவார். அது பொய். சிரித்தாள், நம்பினாள், அவரையே கட்டிக்கொண்டாள் என்பது மட்டும் நிஜம்.

அதற்குப் பிறகு ஹோட்டல், பாட்டு எல்லாம் மெல்ல விட்டுப்போனது. சொந்தமாகக் கடை வந்தது, மகன் பிறந்தான், வளர்ந்தான், வேலை தேடி வேறு ஊருக்குப் போனான். கேசட்டு மட்டும் வீட்டோடு இருந்தது. விருந்தாளி வந்தால் மனைவி அதைப் போட்டுக்காட்டுவாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தாலும் கேசட்டுதான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவளே போய் அதைப் போடுவாள். பாட்டு முடிவதற்குள் கோபம் தணிந்துவிடும். இவர் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கும் வேலையே இல்லை. எல்லாவற்றையும் கேசட்டே கேட்டுக்கொள்ளும். இப்படிச் சொகுசாகக் குடும்பம் நடத்தியவர்கள் குறைவு.

இந்த நிலையில்தான் மைத்துனர் ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கினார். வாங்கியதும் வாங்கினார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவையும் அத்தானையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார். கல்லூரிக்குப் போகும் அவருடைய மகள், அந்தப் பழைய பாட்டை யார் யார் எப்படி எப்படி மறுபடி பாடியிருக்கிறார்கள் என்று இணையத்தில் தோண்டித் தோண்டி எடுத்து வந்து போடுவாள். உலகத்தில் தொண்டை உள்ள எல்லாரும் அதைப் பாடித் தொலைத்திருந்தார்கள். எது உசத்தி என்பதில் அப்பனுக்கும் மகளுக்கும் வாரா வாரம் அடிதடி.

மைத்துனருக்கு, டிரம்மும் எலெக்ட்ரிக் கிடாருமாக அலறுகிற ஒரு குழுவின் பாட்டுதான் பாட்டு. "கேளுங்க அத்தான், நெஞ்சே அதிருது!" என்பார்.

"அப்பா, பாட்டுல வர்றவன் படியேறப் பயப்படுற ஆளு," என்பாள் மகள். "நீங்க போடுறவன் கதவை உடைச்சிக்கிட்டு உள்ள வந்துடுவான் போலிருக்கு."

அவளுக்குப் பிடித்தது, ஒரு பெண் ஒற்றைக் கிடாரை வைத்துக்கொண்டு முணுமுணுப்பாகப் பாடியது. "அவ பாடுறது அவளுக்கே கேக்கல. மாடியில இருக்கிறவனுக்கு எப்படிக் கேக்கும்?" என்று அப்பா திருப்பிக் கொடுப்பார். குழந்தைகள் கூட்டமாகப் பாடியதும் ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் தெருமுனைக்கு வந்தது காதலனா, பள்ளிக்கூட வேனா என்று சந்தேகம் வந்துவிடும்.

"மாமா, உங்களுக்கு எது?" என்று கேட்பாள். கண்ணாடிக்காரர் மழுப்புவார். உள்ளுக்குள் அவருக்குப் பிடித்தது, குரலே இல்லாமல் டிரம்பெட்டில் மட்டும் வாசித்த ஒன்று. ஏன் பிடிக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை. அதை மனைவி எதிரில் சொல்லவும் முடியாது. ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவள் சொல்லுவாள்: "நீங்க எதை வேணா போட்டு அடிச்சிக்குங்க. முடிக்கும்போது எங்க வீட்டுக்காரர் பாடினதைப் போடுங்க." அந்த மலிவு கேசட்டையும் யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றியிருந்தான். புது ஸ்பீக்கரில் அது பளிச்சென்று கேட்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இவர் அடக்கமாகத் தரையைப் பார்ப்பார்.

ஒருநாள் கடைக்குள் ஒரு பெரிய உருவம் கதவை நிறைத்துக்கொண்டு வந்தது. நாற்காலி முனகியது. சோதனை பிரேமை மாட்டிவிட்டு இவர் வழக்கம்போல் இது தெளிவா அது தெளிவா என்று கேட்க, உருவம் பிரேமோடு இவரையே உற்றுப் பார்த்தது.

"டேய், நீயா?"

"யாரு... ஒல்லியா?"

"அதே ஒல்லிதாண்டா!"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவருடைய கைகள் பாதி முதுகு வரைக்கும்தான் போயின. பேசிக்கொண்டே ஒல்லி போனை எடுத்தார். "இதைக் கேளு. என் பேத்தி கண்டுபிடிச்சது. எங்க தாத்தா பாட்டுன்னு பள்ளிக்கூடம் பூராவும் போட்டுக் காட்டிட்டா." போனில் இருந்து அதே மூக்கடைத்த குரல், அதே பதிவு.

கண்ணாடிக்காரர் கையில் இருந்த லென்ஸைப் பெட்டியில் தப்பான பள்ளத்தில் வைத்தார். "இது நீதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனிக்காரர் சொன்னாரே! உன்னோடதைத்தான் போட்டிருக்கேன், அவன்கிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்னு. அதான் உன்கிட்ட சொல்லல. இப்ப சொல்லலாம் இல்ல?"

"என்கிட்டயும் அதையேதாண்டா சொன்னாரு."

ஒல்லி ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தார். பிறகு நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது சனி. கடையில் ஆளில்லாத நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதையே கேட்டார். முதல் தடவை கேட்டால் சந்தேகமே இல்லை, தன் குரல்தான். இரண்டாவது தடவை கேட்டால், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் மூச்சை இழுக்கிற விதம் ஒல்லியுடையது. மூன்றாவது தடவை, இரண்டு பேரும் இல்லாமல் வேறு யாரோ. ஒருநாள் பொறுக்க முடியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடிப் பார்த்தார். கண்ணைத் திறந்தால் எதிரே கண்ணாடிக்குத் திருகாணி போட வந்த ஒரு அம்மாள் நின்றிருந்தார். "சளியா? ஆவி புடிங்க" என்று சொல்லிவிட்டு, திருகாணி போடாமலே போய்விட்டார்.

பாட்டு யாருடையது என்பதில் அவருக்குப் பெருமை, சிறுமை ஒன்றும் இல்லை. பாடகனாகும் ஆசை எப்போதோ கரைந்துவிட்டது. அவரை அரித்தது வேறு. அந்தக் குரல் தன்னுடையது இல்லை என்றால், மனைவி யாரை நம்பிக் கழுத்தை நீட்டினாள்? இத்தனை வருஷம் யாருடைய பாட்டில் கோபம் ஆறினாள்? விஷயம் அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார்.

ஒல்லியின் வாய்க்குப் பூட்டு ஏது? கண்ணாடி வாங்க வந்த அன்று மனைவியும் கடையில் இருந்தாள். அறிமுகம் முடிந்த கையோடு அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுல என்னண்ணே குழப்பம்? அது இவர்தான். இத்தனை வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை என் தம்பி வீட்டுக்கு வாங்க, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. பாத்துடலாம்."

அவள் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டில் ஏக உற்சாகம். ஒல்லியின் மனைவி ஒல்லியாக இருந்தார், ஆனால் குரல் ஸ்பீக்கரை மிஞ்சியது. "எங்க வீட்டுக்காரர் குரலை நான் தூக்கத்துல கேட்டாகூடச் சொல்லிடுவேன்" என்று வந்ததும் வராததுமாக அறிவித்தார்.

மைத்துனர் போட்டிக்கு விதி போட்டார். ஆண்கள் இருவரும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு தடவை, முதல் சரணம், மூக்கைப் பிடித்துக்கொண்டு. யார் முதலில் பாடுவது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். மனைவிமார் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரர் யார் என்று சொல்ல வேண்டும்.

உள்ளே கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு பேரும் நின்றார்கள். "நீயே முதல்ல பாடுடா" என்றார் ஒல்லி. கண்ணாடிக்காரர் மூக்கைப் பிடித்தார். பாடினார். பாடி முடித்தபோது பரவாயில்லை என்றுதான் தோன்றியது. பிறகு ஒல்லி பாடினார். அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து அந்தப் பழைய பையன் வெளியே வந்தான். கண்ணாடிக்காரர் அலமாரியில் சாய்ந்துகொண்டார்.

வெளியே மைத்துனரின் குரல் கேட்டது. "சொல்லுங்க, உங்க உங்க வீட்டுக்காரர் யாரு? ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"ரெண்டாவது!" என்று இரண்டு பெண் குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. உள்ளறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒல்லி இவர் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவருடைய சத்தம் அடங்கியிருந்தது. "விளையாட்டுடா இது. மூக்கை அடைச்சிட்டா உலகமே ஒரே குரல்தான்" என்றார். அவர் சமாதானம் சொன்னதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது நீங்கதானே?" என்றாள். இவர் ஒல்லியைக் காட்டினார். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. மைத்துனர் மகள் சட்டென்று போனை எடுத்து டிரம்ஸ் பாட்டைப் போட்டுவிட்டாள். அன்றைக்கு முடிக்கும்போது யாரும் அந்தக் கேசட்டுப் பாட்டைப் போடச் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் மனதுக்குள் வழக்காடிக்கொண்டே வந்தார். இரண்டாவதாகப் போடுகிற லென்ஸ் எப்போதும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும். அசந்துபோன கண்ணுக்கு அப்படித்தான், காதுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். இதை அவளிடம் எடுத்துச் சொல்லலாமா என்று யோசித்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அவர்களுக்கு நடுவில் கைப்பை இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. விளக்கைப் போடவில்லை.

"இந்தாம்மா," என்று ஆரம்பித்தார். "ரெண்டாவதா கேக்குறது எப்பவுமே..."

"நான் தப்பாச் சொல்லலைங்க." அவள் நிமிரவில்லை. "வீட்டுக்காரரைக் கண்டுபுடின்னு தம்பி சொன்னான். நான் கேசட்டுல இருக்கிறவரைக் கண்டுபுடிச்சேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே. அந்த அண்ணன் பாடினதும் சந்தேகமே இல்ல, அதே குரல். கேசட்டுல இருக்கிறது அவர்தான்."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதைக் கேட்டதுபோல் இருந்தது. "நான் உன்னை ஏமாத்தணும்னு நினைக்கலம்மா. நான்தான்னு சத்தியமா நம்பினேன்."

"தெரியும். உங்களைக் குத்தம் சொல்லல." அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "எனக்கு என்ன நினைக்கிறதுன்னே தெரியல. அழணுமா, சிரிக்கணுமா? இத்தனை வருஷமா யாரோ ஒருத்தர் குரலைக் கேட்டு உங்ககிட்ட ராசியாயிருக்கேன். ராசியானது நிஜம்தானே? யார்கிட்ட ராசியானேன்?"

கடையில் என்றால் டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பியிருப்பார். இங்கே எங்கே அனுப்புவது? அவள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தார்.

அவள் போகவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணு யோசிச்சீங்களா? அன்னிக்குக் கடையில மூக்கைப் புடிச்சிக்கிட்டு ரெண்டு வரி பாடினதோட சரி, அப்புறம் நீங்க எனக்குப் பாடினதே இல்ல. எப்பக் கேட்டாலும் அதான் கேசட்டு இருக்கே, போட்டுக்கோன்னு சொல்லிடுவீங்க. நானும் விட்டுட்டேன். உங்க குரல்ல அந்தப் பாட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"இப்பவா?"

"மூக்கை விட்டுட்டுப் பாடுங்க."

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். எந்தச் சுருதியில் எடுப்பது என்று தெரியவில்லை. ஒல்லியின் குரலைப் பின்பற்றாமல், அசல் பாடகரைப் பின்பற்றாமல் அந்தப் பாட்டை எப்படித் தொடங்குவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தணிந்த குரலில் ஆரம்பித்தார். கரகரப்பாக, கொஞ்சம் பேசுவதுபோல வந்தது. உயரமாகப் போகிற இடத்தில் உடைந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு வரி மறந்துபோய், அந்த இடத்தை முனகலால் நிரப்பினார். தெருமுனையில் நிற்கிறவன் ஏன் படியேறப் பயப்படுகிறான் என்பது அந்த முனகலில்தான் அவருக்கு முதல் தடவையாகப் புரிந்தது. அப்படியே பாடி முடித்தார்.

அறை நன்றாக இருட்டிவிட்டிருந்தது. அவள் முகம் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"யாரோ மாதிரி இருக்கு" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். பிறகு தன் நாற்காலியை மேசையோடு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை பாடுங்க," என்றாள். "பழகிக்கிறேன்."